கூகுள் ஸ்காலரில் ஒரு கிட்னி ஆராய்ச்சியாளரின் பக்கம்: பட்டியல் அருமை, பெட்டி மோசம்

கோவையிலோ ஈரோட்டிலோ பெருந்துறையிலோ சிறுநீரகம், சர்க்கரை, யூரிக் ஆசிட், பாஸ்பரஸ் என்று ஆராய்ச்சி செய்கிற ஒரு மருத்துவரைப் பற்றி விசாரிக்க வேண்டுமானால், இப்போதெல்லாம் முதலில் திறக்கப்படுவது அவருடைய கூகுள் ஸ்காலர் பக்கம்தான். பிஎச்.டி.க்கு கைடு தேடுகிற மாணவர் அதைத்தான் பார்க்கிறார். நேர்காணல் குழுவில் உட்காருகிறவர் அதைத்தான் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறார். "ஏனுங்க, அந்த டாக்டருக்கு எத்தனை சைட்டேஷனுங்க?" என்று நோயாளி வீட்டாரே கேட்கிற அளவுக்கு விஷயம் வெளியே வந்துவிட்டது. ஒரு கட்டுரையை வேறு கட்டுரைகள் மேற்கோளாகக் காட்டுவதுதான் சைட்டேஷன். காசும் சந்தாவும் கேட்காத சேவை. 2004 நவம்பரில் ஆய்வுக் கட்டுரைகளுக்கான தேடுபொறியாக வந்தது. ஆளுக்கொரு பக்கம் என்ற வசதி 2011-ல் சேர்ந்தது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பக்கத்தில் கீழே ஓடுகிற கட்டுரைப் பட்டியல் அருமையான கருவி. மூன்று எண்ணைத் தூக்கிக் காட்டுகிற அந்தப் பெட்டி, கிட்னித் துறையைப் பொறுத்தவரை, ஆளைத் தப்பாகக் காட்டத்தான் அதிகம் உதவுகிறது.

பெட்டிக்குள் இருப்பது மொத்த சைட்டேஷன், ஹெச்-இண்டெக்ஸ், ஐ10-இண்டெக்ஸ். பத்துக் கட்டுரை எழுதிய ஒருவரைக் கற்பனையாக வைத்துக் கணக்குப் போட்டால் அதன் குணம் தெரிந்துவிடும். சைட்டேஷன்கள் இறங்குவரிசையில் 420, 96, 41, 30, 22, 15, 9, 8, 3, 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 644. ஹெச்-இண்டெக்ஸ் 2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன அளவு. வரிசையில் மேலிருந்து எண்ணிக்கொண்டே வந்து, கட்டுரையின் வரிசை எண்ணுக்குக் குறையாமல் சைட்டேஷன் இருக்கிற கடைசி இடத்தில் நிற்க வேண்டும். எட்டாவது கட்டுரைக்கு 8 இருக்கிறது, ஒன்பதாவதற்கு 3 தான்; ஆக ஹெச் 8. ஐ10 என்பது பத்தும் அதற்கு மேலும் வாங்கிய கட்டுரைகளின் எண்ணிக்கை, இங்கே 6.

இப்போது அந்த 420-ஐத் திறந்து பார்க்கிறோம். பல நாடுகள் சேர்ந்த கூட்டு ஆய்வு, ஆசிரியர் பெயர்களே இரண்டு பக்கம், நம் ஆள் நடுவில் எங்கோ. அந்த ஒன்றை எடுத்துவிட்டால் மொத்தம் 644-லிருந்து 224-க்கு விழுகிறது. ஹெச் மட்டும் 8-லிருந்து 7. ஹெச்சைப் புகழ்கிறவர்கள் இதைத்தான் சொல்வார்கள்: ஒற்றைக் கட்டுரை அதை ஆட்டாது. சரிதான். ஆனால் கட்டுரையில் அவர் முதல் பெயரா, முப்பத்தேழாவது பெயரா என்பது ஹெச்சுக்கும் தெரியாது, மொத்தத்துக்கும் தெரியாது. உலக நோய்ச்சுமை ஆய்வுக் கூட்டமைப்பு 2020-ல் லேன்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட கிட்னி கட்டுரை ஒரு நல்ல உதாரணம். 2017-ல் உலகில் 69.75 கோடிப் பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்ததாக மதிப்பிட்டது அதுதான். கிட்னி பற்றி எழுதுகிற யாரும் முதல் பத்தியிலேயே அதைக் காட்டுவார்கள். அதில் பெயர் உள்ள நூற்றுக்கணக்கானவர்களில் ஒவ்வொருவருடைய பெட்டியிலும் அந்த சைட்டேஷன் அத்தனையும் முழுசாக ஏறும். பங்கு பிரிப்பதே கிடையாது.

ஈரோடு மஞ்சள் மார்க்கெட்டில் விரலியையும் கிழங்கையும் ஒரே குவியலாகக் கொட்டி ஒரே விலை சொன்னால் யார் ஏலம் கேட்பார்கள்? ஸ்காலர் பெட்டி செய்வது அதைத்தான். சொந்த ஆய்வு, பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிற ரிவ்யூ, வழிகாட்டு நெறி, ஒற்றை நோயாளி பற்றிய கேஸ் ரிப்போர்ட், ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம், அச்சுக்கு முந்தைய வரைவு எல்லாம் ஒரே மூட்டை. தன் கட்டுரையைத் தானே காட்டிக்கொண்டதும் அதிலேயே சேரும். கழித்துப் பார்க்க பொத்தான் இல்லை. ரிவ்யூவுக்கு சைட்டேஷன் சுலபமாக விழும் என்பது துறையில் எல்லாருக்கும் தெரியும். சொந்தத் தரவு ஒரு வரிகூட இல்லாமல், நல்ல ரிவ்யூக்களாலேயே பெரிய ஹெச் கட்டிவிடலாம்.

கிட்னித் துறைக்கு இன்னொரு தனிக்குணம் உண்டு. இங்கே அதிகம் காட்டப்படுகிற பல கட்டுரைகள் அளவுகோல்கள். 1976-ல் நெஃப்ரான் இதழில் காக்ராஃப்ட், கால்ட் இருவரும் 249 பேரை வைத்து, கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று மதிப்பிட ஒரு சூத்திரம் சொன்னார்கள்: 140-லிருந்து வயதைக் கழி, எடையால் பெருக்கு, கிரியேட்டினினை (தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் கழிவு) 72-ஆல் பெருக்கி வருவதால் வகு, பெண்ணானால் 0.85-ஆல் பெருக்கு. கிட்னி வழியாக வெளியேறும் மருந்துக்கு டோஸ் குறைக்க இன்றைக்கும் அது கையில் இருக்கிறது. அதனால் ஐம்பது வருடமாக சைட்டேஷன் கொட்டுகிறது. பிறகு 1999-ல் எம்டிஆர்டி, 2009-ல் சிகேடி-எபி, 2021-ல் இனக் குறியீட்டை எடுத்துவிட்ட புதிய சிகேடி-எபி என்று அதே வேலைக்கு அடுத்தடுத்த சமன்பாடுகள் வந்தன. ஆய்வுக் கட்டுரையின் வழிமுறைப் பகுதியில் "இஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) இந்தச் சமன்பாட்டால் கணக்கிடப்பட்டது" என்று ஒரு வரி எழுதுகிற ஒவ்வொருவரும் இவற்றில் ஒன்றைக் காட்டியாக வேண்டும். இங்கே சைட்டேஷன் என்றால் 'பயன்படுத்தினேன்' என்றுதான் அர்த்தம். படித்தேன், ஒத்துக்கொண்டேன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதன் மறுபக்கமும் முக்கியம். தசை குறைந்த, கறி அதிகம் சாப்பிடாத உடம்பில் கிரியேட்டினின் இயல்பாகவே இறங்கி நிற்கும். அந்த எண்ணை வெளிநாட்டுச் சமன்பாட்டில் போட்டால், கிட்னி உள்ளபடி இருப்பதைவிட நன்றாக இருப்பதுபோல் காட்டும். நம் ஊர் நோயாளிகளிடம் இதைச் சோதித்து, தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு ரத்த அளவோடு ஒப்பிட்டு, ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு கட்டுரைக்குப் பதினைந்து சைட்டேஷன்தான் இருக்கிறது என்று வையுங்கள். பெட்டியில் அது கண்ணுக்கே தெரியாது. புற நோயாளிப் பிரிவில் மருந்து எழுதுகிற மருத்துவருக்கு அந்தப் பதினைந்துதான் மேற்சொன்ன 420-ஐவிட உதவும். இந்தத் துறையில் ஆளை எடை போடத் தெரிந்தவர்கள் முதலில் தேடுவது இந்த மாதிரிக் கட்டுரைகளைத்தான்.

துறையின் அகலமும் எண்ணை ஆட்டும். சர்க்கரை, உடல் பருமன் பக்கம் எழுதுகிற கூட்டம் பெரிது. கிட்னி மட்டும், அதிலும் டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகச் செய்கிற ரத்தக்குழாய் இணைப்பு), பெரிட்டோனியல் டயாலிசிஸ் (வயிறு வழியாகச் செய்வது) என்று எழுதுகிற கூட்டம் சிறிது. எஸ்ஜிஎல்டி2 மருந்துகள் சர்க்கரையிலிருந்து கிட்னிக்குள் நுழைந்த பிறகு (2019-ல் கேனாகிளிஃப்ளோசினுக்கு கிரெடென்ஸ் சோதனை, 2020-ல் டாபாகிளிஃப்ளோசினுக்கு 4,304 பேரை வைத்த டாபா-சிகேடி, 2023-ல் எம்பாகிளிஃப்ளோசினுக்கு 6,609 பேரை வைத்த எம்பா-கிட்னி) அந்த வண்டியில் ஏறியவர்கள் எல்லாருடைய வரைபடமும் 2020-க்குப் பிறகு செங்குத்தாக ஏறும். அதே வருடங்களில் ஃபிஸ்டுலா பற்றி எழுதியவருடைய வரைபடம் தட்டையாகவே கிடக்கும். இரண்டு பேரின் ஹெச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவது நாற்பதாம் நம்பர் நூலையும் இருபதாம் நம்பர் நூலையும் எடைக்கு எடை ஒப்பிடுகிற வேலை.

பெட்டி இப்படி இருக்க, பட்டியலை எப்படிப் படிப்பது? திறந்தவுடன் சைட்டேஷன் வாரியாக அடுக்கித்தான் வரும். 'இயர்' என்ற தலைப்பைத் தட்டுங்கள், புதியது மேலே வரும். கீழே 'ஷோ மோர்' தட்டித் தட்டி முழுப் பட்டியலையும் இறக்குங்கள். முதலில் வருவது இருபதுதான். இப்போது ஒரு ஆளின் உழைப்பு கண்ணில் தெரியும்: ஒரே கேள்வியைப் பத்து வருடம் துரத்தியிருக்கிறாரா, வருடத்துக்கு ஒரு தலைப்பு மாற்றியிருக்கிறாரா, எந்த வருடம் எழுத்து நின்றிருக்கிறது, எந்த வருடம் திடீரென்று இருபது வந்திருக்கிறது. வருடத்துக்கு மூன்று எழுதிக்கொண்டிருந்தவர் ஒரே வருடத்தில் இருபது போட்டால், அது கூட்டமைப்பில் சேர்ந்ததாலா, மாணவர்கள் பெருகியதாலா, பணம் கட்டினால் போடுகிற இதழ்களாலா என்று பார்த்துவிட வேண்டும். மூன்றுக்கும் தடயம் இதழ் பெயர்களிலேயே கிடைக்கும்.

பட்டியலில் ஆசிரியர் வரிசை நீளமாக இருந்தால் பாதியில் மூன்று புள்ளி வைத்து வெட்டிவிடுவார்கள். இது பெரிய குறை, ஏனென்றால் மருத்துவத்தில் இடம்தான் கதை சொல்லும். முதல் பெயர் பெரும்பாலும் வேலை செய்து எழுதியவர். கடைசிப் பெயர் பெரும்பாலும் யூனிட் தலைவரோ கைடோ. கரஸ்பாண்டிங் ஆத்தர், அதாவது கட்டுரை பற்றிய கடிதத் தொடர்புக்குப் பொறுப்பானவர், யார் என்பது இந்தப் பட்டியலில் வரவே வராது. தலைப்பைத் தட்டி உள்ளே போய், அங்கிருந்து இதழின் பக்கத்துக்கோ, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் கட்டுரைத் தேடுதளமான பப்மெட்டுக்கோ போய்த்தான் பார்க்க வேண்டும். எம்பா-கிட்னி மாதிரிப் பெரிய சோதனைகள் குழுவின் பெயரிலேயே வெளிவரும். நோயாளிகளைச் சேர்த்துக் கொடுத்த மருத்துவமனை மருத்துவர்களின் பெயர்கள் பின்னிணைப்பில் இருக்கும். பப்மெட்டில் அவர்களுக்கென்றே 'இன்வெஸ்டிகேட்டர்' என்று தனிப் புலம் உண்டு. அதில் பெயர் இருப்பதும் கௌரவம்தான். ஆசிரியர் என்று போட்டுக்கொள்வது வேறு விஷயம்.

மாநாட்டுச் சுருக்கங்களைச் சலித்து எடுப்பது எளிது. அமெரிக்க நெஃப்ராலஜி சங்கத்தின் கிட்னி வீக், ஐரோப்பியச் சங்கத்தின் ஆண்டு மாநாடு இவற்றின் சுருக்கங்கள் அந்தந்தச் சங்க இதழின் சப்ளிமென்ட்டில் வரும். இதழ் பெயருக்குப் பக்கத்தில் 'சப்ளிமென்ட்' என்றோ, பக்க எண்ணுக்கு முன்னால் ஒரு எழுத்தோ இருந்து, ஒரே ஒரு பக்கம் மட்டும் குறித்திருந்தால் அநேகமாக அது சுருக்கம்தான். பெரிய இதழின் பெயர் பளிச்சென்று தெரியும், உள்ளே முந்நூறு வார்த்தைதான் இருக்கும். ஆனால் வழிகாட்டு நெறிகளும் சப்ளிமென்ட்டில் வருவதுண்டு, அவசரப்பட்டு ஒதுக்கிவிடாதீர்கள். கிட்னி சிகிச்சைக்கு உலக அளவில் நெறி வகுக்கிற கேடிகோ அமைப்பின் 2012 நாள்பட்ட சிறுநீரக நோய் நெறி, கிட்னி இன்டர்நேஷனல் சப்ளிமென்ட்ஸ் இதழில் 2013 ஜனவரியில் 1 முதல் 150 வரை பக்கங்களில் வந்தது. தலைப்பில் ஒரு வருடம், இதழில் ஒரு வருடம். எழுதுகிறவர்கள் பாதிப் பேர் 2012 என்கிறார்கள், பாதிப் பேர் 2013 என்கிறார்கள். சிலர் குழுவின் பெயரை ஆசிரியராகப் போடுகிறார்கள், சிலர் தலைவரின் பெயரை. இப்படிப்பட்ட கட்டுரை ஸ்காலரில் நாலைந்து துண்டாகக் கிடக்க வாய்ப்பு அதிகம்.

துண்டுகளை ஒட்டுவது பக்கத்துக்குச் சொந்தக்காரரின் வேலை. இரண்டையும் டிக் செய்து 'மெர்ஜ்' கொடுத்து, சரியான விவரம் உள்ளதை முதன்மையாகத் தேர்ந்தெடுத்தால் சைட்டேஷன் கூடிவிடும். இங்கேதான் விஷமமும் நடக்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கட்டுரைகளையும் ஒட்டலாம், ஸ்காலர் தடுக்காது. ஹெச்சுக்கு ஒரு படி கீழே நிற்கிற இரண்டு கட்டுரைகளைச் சேர்த்தால் ஒன்று மேலே ஏறிவிடும். பார்க்கிறவருக்கு உள்ள ஒரே தடயம், சைட்டேஷன் எண்ணுக்குப் பக்கத்தில் வருகிற நட்சத்திரக் குறி. நட்சத்திரம் இருந்தால் தலைப்பைத் தட்டி, கீழே 'ஸ்காலர் ஆர்ட்டிகிள்ஸ்' என்ற இடத்தில் எவையெவை ஒட்டப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். தலைப்பு ஒன்றாகவே இருந்தால் நல்லெண்ணத்தில் செய்தது. வேறு வேறு தலைப்பாக இருந்தால் கேள்வி கேட்கலாம்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று 2010-லேயே வெளிச்சத்துக்கு வந்தது. சிரில் லாபே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் ஐக் ஆன்ட்கேர் என்று இல்லாத ஒருவருக்கு, கணினியே உளறி எழுதிய நூறு கட்டுரைகளை உண்டாக்கி, ஒன்றையொன்று காட்டவிட்டு, ஸ்காலரில் ஏற்றினார். அந்த இல்லாத மனிதரின் ஹெச் 94-ஐத் தொட்டது. ஸ்காலர் இணையத்தில் கட்டுரை மாதிரித் தெரிகிற எதையும் வாரிக்கொள்கிறது. வாசலில் ஆள் கிடையாது. அதனால்தான் சின்ன ஊர் இதழ்களும் தமிழ்க் கட்டுரைகளும்கூட அதில் கிடைக்கின்றன, அந்த நன்மையையும் மறுக்க முடியாது.

அடுத்தது பெயர். கொங்குப் பெயர்களுக்கு இந்தச் சேவைகள் எல்லாமே தொல்லை. பழனிசாமி, பொன்னுசாமி, கந்தசாமி, வேலுசாமி என்று 'சாமி'யில் முடிகிற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் 'எஸ்'க்குப் பின் 'டபிள்யூ' சேர்ப்பார், ஒருவர் சேர்க்க மாட்டார், இன்னொருவர் கடைசியில் 'ஒய்'க்குப் பதில் 'ஐ' போடுவார். செந்தில்குமாரை ஒட்டி எழுதினால் ஒரு ஆள், பிரித்து எழுதினால் 'குமார்' என்ற குடும்பப் பெயருள்ள வேறொரு ஆள். இனிஷியல் இன்னும் மோசம். இதழ்களின் படிவத்தில் 'லாஸ்ட் நேம்' கட்டாயம். எஸ். பழனிசாமி அந்தக் கட்டத்தில் தன் இனிஷியலை மட்டும் போட்டுவிட்டால், பப்மெட்டில் அவர் காலத்துக்கும் 'எஸ் பி' என்றே கிடப்பார். பழனிசாமி வெறும் 'பி' ஆகிவிடும். அதைத் தேடி யார் கண்டுபிடிப்பது? லாஸ்ட் நேமில் பழனிசாமி, ஃபர்ஸ்ட் நேமில் இனிஷியலோ அப்பா பெயரோ என்று முதல் பேப்பரிலேயே முடிவு செய்து, கடைசிவரை ஒரு எழுத்துகூட மாற்றாமல் இருப்பதுதான் வழி.

கல்லூரிப் பெயரும் மாறும். பெருந்துறையில் ஐஆர்டி மருத்துவக் கல்லூரி என்று இருந்ததுதான் இன்றைக்கு அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி. பழைய பெயரில் வந்த கட்டுரைகள் பழைய பெயரிலேயே இருக்கும். நிறுவனத்தை வைத்துத் தேடுகிறவர் இரண்டு பெயரிலும் ஊர்ப் பெயரிலும் தேடியாக வேண்டும்.

பக்கத்தில் தானாகவே கட்டுரை சேர்கிற வசதியை ஆன் செய்து மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதும் இங்கே விசேஷம். கோவையில் பொறியியல் கல்லூரிகளும் ஜவுளி ஆராய்ச்சியும் அதிகம். ஒரே பெயரும் அதிகம். யூரிக் ஆசிட் கட்டுரைக்கும் ஃபாஸ்பேட் கட்டுரைக்கும் நடுவில் பருத்தி நூலின் இழுவைத் திறன் பற்றிய கட்டுரை ஒன்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். அதன் சைட்டேஷனும் பெட்டியில் கூடியிருக்கும். ஏமாற்று என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், பெரும்பாலும் கவனக்குறைவுதான். ஆனால் நேர்காணலில் அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. அமைப்பில் போய் 'தானாகச் சேர்' என்பதை மாற்றி, 'மின்னஞ்சலில் கேட்டுச் சேர்' என்று வைத்தால் இந்தத் தலைவலி தீர்ந்தது.

ஸ்காலரைத் தவிர மற்ற சேவைகளையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஸ்கோபஸும் 2004-ல் வந்ததுதான். எல்சவியர் பதிப்பகத்துடையது, முழுப் பயன்பாட்டுக்குச் சந்தா வேண்டும், ஆசிரியரைத் தேடி அடிப்படை எண்களைப் பார்க்க மட்டும் சந்தா வேண்டாம். தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் எடுப்பதால் அதே ஆளின் ஹெச் இங்கே பெரும்பாலும் ஸ்காலரைவிடக் குறையும். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் எவ்வளவு என்பதே ஒரு தகவல். ஒரே ஆளுக்கு இரண்டு, மூன்று ஆத்தர் ஐடி விழுவது நம் பெயர்களுக்கு சகஜம், விண்ணப்பித்து ஒன்றாக்கலாம். சந்தா உள்ளவர்கள் சொந்த சைட்டேஷனைக் கழித்துப் பார்க்கலாம். துறைக்கும் வருடத்துக்கும் ஏற்பச் சரிசெய்த எண்ணும் அங்கே உண்டு, 1.00 என்றால் உலக சராசரி. அந்த வகை எண் இலவசமாக வேண்டுமானால் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஹெச்சின் ஐசைட் தளம் இருக்கிறது. பப்மெட் எண்களைக் கொடுத்தால் கட்டுரைவாரியாகக் கணக்குச் சொல்லும்.

பப்மெட்டில் சைட்டேஷன் வேட்டைக்குப் போக வேண்டாம், அதற்கு அது கட்டப்படவில்லை. ஆளைச் சரிபார்க்கத்தான் அது. பெயருக்குப் பின் சதுர அடைப்புக்குள் 'ஏயூ', ஊருக்குப் பின் 'ஏடி' என்று ஆங்கிலத்தில் போட்டுத் தேடினால் கோவைக்காரர் மட்டும் வருவார். ஒரு பொறி இருக்கிறது: 2014 வாக்கில்தான் எல்லா ஆசிரியர்களின் நிறுவன முகவரியும் அதில் ஏறத் தொடங்கியது. அதற்கு முன் முதல் ஆசிரியருடையது மட்டும்தான். 2008-ல் சென்னையில் ஒருவர் முதல் பெயராக எழுதிய கட்டுரையில் கோவைக்காரர் மூன்றாவது என்றால், ஊர் போட்டுத் தேடும்போது அது வரவே வராது. பழைய ஆட்களுக்கு ஊரை விட்டுவிட்டு, பெயரோடு 'கிட்னி', 'நெஃப்ரோபதி' மாதிரிச் சொல்லைச் சேர்த்துத் தேடுங்கள்.

பப்மெட்டின் இன்னொரு பெரிய உபயோகம், திரும்பப் பெற்ற கட்டுரைகளைத் தெளிவாகக் குறித்து வைப்பது. கிட்னித் துறையில் இதற்குப் பாடம் போல இருப்பது கோஆப்பரேட் ஆய்வு. ஏசிஇ தடுப்பி, ஏஆர்பி என்ற இரண்டு வகை ரத்த அழுத்த மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தால் கிட்னி நன்றாகக் காக்கப்படுகிறது என்று ஜப்பானில் 263 பேரை வைத்துச் சொல்லி 2003-ல் லேன்செட்டில் வந்தது. மருத்துவர்கள் நம்பி எழுதினார்கள். 2008-ல் ஆன்டார்கெட் என்ற பெரிய சோதனை வந்து, இரண்டையும் சேர்த்தால் சிறுநீரில் புரதம் குறைந்தாலும் கிட்னி கெடுவது கூடுகிறது என்று காட்டியது. 2009-ல் லேன்செட் கோஆப்பரேட்டைத் திரும்பப் பெற்றது. அதற்குள் குவிந்த சைட்டேஷன் எங்கே போகும்? எங்கேயும் போகாது. ஸ்காலர் பெட்டியில் திரும்பப் பெற்றதற்கும் மற்றதற்கும் ஒரே மதிப்பு; தப்பு என்று சுட்டிக்காட்டி எழுதியவர்களின் சைட்டேஷனும் சேர்ந்துதான் கூடும். ஆளைப் பார்க்கும்போது ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் ஒருமுறை பெயரைப் போட்டுவிடுங்கள். 2023-ல், கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணைப் பதிகிற கிராஸ்ரெஃப் அமைப்பு அதை வாங்கிய பிறகு எல்லாருக்கும் இலவசம்.

நோயாளிகளை வைத்துச் சோதனை நடத்துகிறவரானால் இந்தியச் சோதனைப் பதிவேடான சிடிஆர்ஐ-யையும் திறக்க வேண்டும். 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். பதிவு எண்ணிலேயே வருடமும் மாதமும் இருக்கும். கட்டுரையில் சொன்ன முதன்மை முடிவும் பதிவில் சொன்னதும் ஒன்றா, பதிவு செய்து ஆறேழு வருடமாகியும் கட்டுரையே வராதவை எத்தனை என்று பார்த்தால், எந்த சைட்டேஷன் எண்ணும் சொல்லாததை அது சொல்லும்.

பதவி உயர்வுக்கு ஃபைல் தயாரிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 ஆசிரியர் தகுதி விதிகள் ஏற்ற கட்டுரைத் தரவுத்தளங்களின் பட்டியலில் மெட்லைன், பப்மெட் சென்ட்ரல், சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ், எம்பேஸ், ஸ்கோபஸ், டிஓஏஜே இருந்தன. கூகுள் ஸ்காலர் இல்லை. முதல் மூன்று ஆசிரியர்களில் ஒருவராகவோ கரஸ்பாண்டிங் ஆத்தராகவோ இருக்க வேண்டும் என்றும், சொந்த ஆய்வு, மெட்டா அனாலிசிஸ், சிஸ்டமேட்டிக் ரிவ்யூ, கேஸ் சீரீஸ் மட்டுமே செல்லும் என்றும் இருந்தது. ஒற்றைக் கேஸ் ரிப்போர்ட் சேராது. 2025-ல் புதிய விதிகள் வந்துவிட்டன, விண்ணப்பிக்கிற அன்றைக்கு நடப்பில் உள்ளதைப் படித்துக்கொள்ளுங்கள். "கூகுள் ஸ்காலரில் இண்டெக்ஸ் ஆன இதழ்" என்று மின்னஞ்சலில் அழைப்பு அனுப்புகிற இதழ், தன்னிடம் சொல்ல வேறெதுவும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறது. "பப்மெட்டில் இருக்கிறோம்" என்றால் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் கேட்டலாக்கில் இதழ் பெயரைப் போட்டு, மெட்லைனில் இப்போது எடுக்கப்படுகிறதா என்ற வரியைப் பாருங்கள். ஒன்றிரண்டு கட்டுரை எப்படியோ உள்ளே வந்திருப்பது வேறு, இதழே எடுக்கப்படுவது வேறு.

கல்லூரி வாசல் ஃப்ளெக்ஸ்களில் இப்போது "உலகின் முதல் இரண்டு சதவீத விஞ்ஞானி" என்று வருகிறதே, அதையும் கேட்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோபஸ் தரவை வைத்துப் போடுகிற பட்டியல் அது. உண்மையில் ஸ்காலர் பெட்டியைவிடப் பல மடங்கு ஒழுங்கானது. தனியாக எழுதியது, முதல் பெயராக எழுதியது, கடைசிப் பெயராக எழுதியது என்று பிரித்து எடை கொடுக்கிறது. கூட்டாசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்பத் திருத்திய ஹெச் இருக்கிறது. சொந்த சைட்டேஷன் எத்தனை சதவீதம் என்று தனிப் பத்தியே உண்டு. ஆனால் அது இரண்டு பட்டியல்: வாழ்நாள் முழுவதற்கும் ஒன்று, ஒரே ஒரு வருடத்துக்கு ஒன்று. ஃப்ளெக்ஸ் எதைச் சொல்கிறது என்று ஃப்ளெக்ஸில் இருக்காது. எக்செல் கோப்பு இலவசமாகக் கிடைக்கிறது, இறக்கிப் பெயரைத் தேடினால் எது என்று தெரிந்துவிடும்.

டயாலிசிஸுக்கு எங்கே போவது என்று தீர்மானிக்கிற வீட்டாருக்கு இந்தப் பக்கங்கள் எதுவும் உதவாது. மெஷின் எத்தனை ஷிஃப்ட் ஓடுகிறது, தண்ணீர் சுத்திகரிப்பை எவ்வளவு நாளைக்கு ஒருமுறை பரிசோதிக்கிறார்கள், ராத்திரி கூப்பிட்டால் யார் வருவார் என்பதெல்லாம் சைட்டேஷனில் வராது.

ஆராய்ச்சியாளரே தன் பக்கத்தை நேர் செய்ய நினைத்தால் ஒரு மத்தியான நேரம் போதும். ஸ்காலரில் கல்லூரி மின்னஞ்சலைச் சரிபார்த்து, தன்னுடையது அல்லாதவற்றை டிக் செய்து அழியுங்கள். அழித்தவை 'டிராஷ்' பகுதியில் இருக்கும், தப்பாக அழித்தால் திரும்ப எடுக்கலாம். உண்மையான இரட்டைப் பதிவுகளை மட்டும் ஒட்டுங்கள். மாநாட்டுச் சுருக்கத்தையும் பிறகு வந்த முழுக் கட்டுரையையும் ஒட்டாதீர்கள், இரண்டும் வேறு. அடுத்து ஆர்க்கிட்: 2012-ல் வந்த, பதினாறு இலக்கமுள்ள இலவச அடையாள எண். கடைசி இலக்கம் சிலருக்கு 'எக்ஸ்' என்று இருக்கும். அது சரிபார்ப்பு இலக்கம், தட்டச்சுப் பிழை என்று திருத்திவிடக் கூடாது. பழனிசாமி எத்தனை விதமாக எழுதப்பட்டாலும் அந்த எண் ஒன்றுதான். இதழுக்குக் கட்டுரை அனுப்பும்போதே அதைக் கொடுத்து, கிராஸ்ரெஃபுக்கு அனுமதியும் கொடுத்துவிட்டால், கட்டுரை வெளியானதும் தானாக வந்து சேரும்.

ஆர்க்கிட் பக்கத்தைப் பார்க்கிறவர்கள் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே சின்ன எழுத்தில் உள்ள 'சோர்ஸ்' வரியைத் தவறவிடாதீர்கள். அங்கே கிராஸ்ரெஃப் என்றோ ஸ்கோபஸ் என்றோ இருந்தால் வெளியிலிருந்து வந்த பதிவு. ஆராய்ச்சியாளரின் பெயரே இருந்தால் அவர் கையால் சேர்த்தது. டிஓஐ எண்ணைத் தட்டிப் பார்த்து, கட்டுரை உண்மையில் திறக்கிறதா, அதில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.